வெள்ளரி விதையை விட்டுவிடாதே

அன்புள்ள செல்வா,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில். திட்டாதே. வீட்டில் எல்லோரும் நலம், சின்னவளுக்குப் பரீட்சை. குண்டு மணி தாத்தாவாகிவிட்டானாமே! இனியாவது அந்தச் சைக்கிள் கணக்கை அவனிடம் கேள்.

ஆத்தோரத்து நிலத்தில் இந்த வருஷம் பாதி ஹைபிரிட் கிர்ணி, பாதி நம் வெள்ளரிப்பழம் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததிலிருந்து மனசு அடித்துக்கொள்கிறது. வெள்ளரிப்பழமும் கிர்ணியும் ஒரே முலாம்பழ இனம்டா. இரண்டுக்கும் 12 ஜோடி குரோமோசோம்தான், தேனீ நுழைந்தால் கலந்துவிடும். இந்த வருஷப் பழத்தில் ஒன்றும் தெரியாது. சதை தாய்க்கொடியுடையது, கலப்பு விதைக்குள்தான் ஒளிந்திருக்கும். அம்மா வழக்கம்போல விதையைச் சாம்பலில் புரட்டிக் காயவைத்துப் பானையில் போடுவார்கள். அடுத்த வருஷம் பழம் வெடிக்கும்போது வெள்ளைச் சதைக்குப் பதில் ஆரஞ்சு எட்டிப் பார்க்கும்.

ஏன் ஆரஞ்சு என்கிறாயா? எனக்குப் பிடித்த கதையே அதுதான். ஒரு மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறி, ஒரு புரதத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் இருக்கும் இடத்தில் ஹிஸ்டிடின் என்ற இன்னொன்று உட்கார்ந்துகொள்கிறது. அவ்வளவுதான், பீட்டா கரோட்டின் என்ற ஆரஞ்சு நிறமி சதையில் சேர்ந்துகொண்டே போகிறது. இதே மரபணு முதலில் சிக்கியது ஆரஞ்சு நிறக் காலிஃபிளவரில். முலாம்பழத்தில் 2015இல் கண்டுபிடித்தார்கள். அப்பா, அம்மா இருவரில் ஒருவர் கொடுத்தாலே நிறம் வந்துவிடும். புளிப்பும் அப்படித்தான். இனிப்புக் கிர்ணியில் புளிப்பைக் கட்டுப்படுத்தும் மரபணு தரும் புரதத்துக்குள் நான்கு அமினோ அமிலங்கள் கூடுதலாக நுழைந்து அதைச் செயலிழக்க வைத்திருக்கின்றன. நம் வெள்ளரி போன்ற புளிப்பு வகையோடு கலந்தால் புளிப்பே ஜெயிக்கும். ஆக, கலந்தது இரண்டுக்கும் நடுவில் நிற்கும். நாட்டுச் சர்க்கரை போட்டுச் சாப்பிடும் அந்த மாவுச் சதையும் இருக்காது, சந்தைக்குத் தேவையான இனிப்பும் வராது.

உன் வியாபாரி கிர்ணியைக் காயாகவே பறிக்கச் சொல்கிறான் என்றாயே, கேட்காதே. இந்தப் பழத்தில் மாவுச்சத்துச் சேமிப்பு கிடையாது. கடைசி நாட்களில் இலையிலிருந்து வரும் சர்க்கரைதான் இனிப்பு. காம்பைத் துண்டித்துவிட்டால் மணம் வரும், சதை இளகும், இனிப்பு மட்டும் ஏறாது.

இப்போது கொஞ்சம் பொறுமையாகக் கேள். 2019இல் உலகெங்கும் சேகரித்த 1,175 முலாம்பழ வகைகளின் மரபணுவைப் படித்தார்கள். மனிதர்கள் இதை மூன்று தடவை தனித்தனியாகப் பயிராக்கியிருக்கிறார்கள், அதில் இரண்டு இந்தியாவில். இங்கிருந்து போன பி.ஐ. 414723 என்று எண் போட்ட வெள்ளரிப்பழ விதையைச் சாம்பல் நோய், அசுவினி, வைரஸ் எதிர்ப்புக்காக வெளிநாட்டு விஞ்ஞானிகள் எத்தனையோ வருஷமாகப் பயன்படுத்துகிறார்கள். அம்மாவின் பானையில் இருப்பது அந்தக் குடும்பம். அதில் என்னென்ன இருக்கிறது என்று இன்னும் யாரும் பார்க்கவில்லை. ஒரு தலைமுறை கலந்துவிட்டால், பிறகு பிரிக்க என்னால்கூட முடியாது.

அதனால் கிர்ணி போடாதே என்று சொல்லவில்லை, உனக்குக் கடன் இருக்கிறது, எனக்குத் தெரியும். நட்டால் வெள்ளரிக்கு அரை கிலோமீட்டராவது தள்ளி நடு. முடியாதென்றால் விதைக்கென்று நாலைந்து கொடிகளை ஒதுக்கு. பூவுக்கு அடியில் குட்டிப் பிஞ்சு தெரியும் மொட்டு பெண். அது மலர்வதற்கு முதல் நாள் சாயங்காலமே மெல்லிய துணியால் கட்டு, ஆண் மொட்டையும் கட்டு. காலையில் ஆண் பூவின் இதழைக் கிள்ளிவிட்டு மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் தடவி, மறுபடி துணியைக் கட்டு. பிஞ்சு பிடித்ததும் காம்பில் சிவப்பு நூல் சுற்று. அந்தக் காயை யாரும் பறிக்கக் கூடாது, உன் பையன் உட்பட!

போன வருஷப் பானை விதையில் ஒரு கைப்பிடி எடுத்துக் காகிதத்தில் மடித்துப் பதிவுத் தபாலில் எனக்கு அனுப்பு. கிர்ணி வருவதற்கு முந்தைய விதையாகவே இருக்கட்டும், அம்மாவிடமே கேட்டு எடு. எங்கள் குளிர்பெட்டியில் பத்திரமாக இருக்கும்.

அன்புடன்,
ரவி