ஜோதிக்கு, செல்வி எழுதுறது

மதுரை,
ஆடி வெள்ளி, ராத்திரி

அன்புள்ள ஜோதிக்கு,

நலம். நீயும் அண்ணனும் பிள்ளைகளும் நல்லா இருப்பீங்கன்னு நம்புறேன். சின்னவ பிளஸ் டூவுல எடுத்த மார்க்க அண்ணன் ஸ்டேட்டஸ்ல பாத்தேன். அது உன் மூளை இல்ல, அவர் மூளை. விசாரிப்பு முடிஞ்சுது.

போன் இருக்கப்ப இவ எதுக்கு லெட்டர் எழுதுறான்னு நினைப்ப. போன்ல சொன்னா நீ வரிக்கு வரி "என்னது? என்னது?"ன்னு கத்துவ. அதோட, போன்லதான்டி உன்கிட்டப் பொய் சொன்னேன். அதே போன்ல உண்மையச் சொல்ல வாய் வரல.

ஜனவரியில எனக்கு நடந்தது குடலிறக்க ஆபரேஷன் இல்ல. என் இரைப்பைய முக்கால்வாசி வெட்டி எடுத்துட்டாங்க. கேன்சர் கீன்சர் இல்ல, பயப்படாத. எடையக் குறைக்க நானாப் போய்ப் பணத்தக் கட்டிப் படுத்தேன்.

இப்பக் கத்திக்க.

நீ கடைசியா வந்தப்ப நான் 110 கிலோ. தெப்பக்குளத்துப் படியில உக்காந்த என்னை எந்திரிக்க வைக்க நீ ஒரு கை, சுண்டல்காரர் ஒரு கை பிடிச்சீங்களே, அப்ப. போன ஐப்பசியில 118. உயரம் அதே 156 சென்டிமீட்டர்தான், அங்கிட்டு ஒரு வளர்ச்சியும் இல்ல. ஒன்பது வருசச் சர்க்கரை, ரெண்டு வேளை இன்சுலின், மூட்டு, இதெல்லாம் நீ கேட்டுக் கேட்டுச் சலிச்சது. உனக்குத் தெரியாதது தூக்கம். பகல்ல தையல் மெஷின் முன்னாடி உக்காந்தபடியே சொக்கிருவேன். தீபாவளி ஆர்டர் நேரம், மோட்டார் ஓடுது, கால் மிதிச்சபடி இருக்கு, கண்ணு மூடிருச்சு. ஊசி ஆள்காட்டி விரல்ல நகத்தோட இறங்கி உள்ளயே ஒடிஞ்சிருச்சு. இருபத்தி ரெண்டு வருசத்துல என் கையில ஊசி ஏறுனதில்லடி.

ஊசிய எடுத்த டாக்டர் விரலப் பத்தி ஒண்ணும் கேக்கல. "குறட்டை விடுவீங்களாம்மா?"ன்னு கேட்டார். நான் இல்லன்னேன், எங்க வீட்டுக்காரர் பக்கத்துல நின்னு சிரிச்சுட்டார். ஒரு ராத்திரி தலையிலயும் நெஞ்சுலயும் வயர ஒட்டித் தூங்க வச்சுப் பாத்தாங்க. மணிக்கு 46 தடவ எனக்கு மூச்சு நின்னு நின்னு வருதாம். 30ஐத் தாண்டுனாலே கடுமைன்னு கணக்காம். அன்னைக்குப் பிடிச்சு மூக்குல காத்து ஊதுற குழாய் மாஸ்க் மாட்டித்தான் தூங்குறேன். யானை வேஷம் கட்டுன மாதிரி இருக்கும். நீ வந்தா பாக்கலாம், டிக்கெட் இல்ல.

கொள்ளுக் கஞ்சி, தேனும் எலுமிச்சையும், நூறு நாள் பொடி, பேலியோ எல்லாம் பாத்தாச்சு. பேலியோவுல 14 கிலோ குறைஞ்சு 20 கிலோ ஏறுனது ஞாபகம் இருக்கா? முட்டைக்காரர் எங்க தெருவுக்கே தனி வண்டி விட்டாரே.

ஆபரேஷன் டாக்டர் "உங்களுக்கு ஸ்லீவ் பண்ணலாம்மா"ன்னார். நான் யோசிக்காம "எத்தனை இஞ்ச் சார்?"ன்னு கேட்டுட்டேன். அந்த மனுசன் பேனாவ மூடி வச்சுட்டுச் சிரிச்சார். நம்ம கை வைக்கிற ஸ்லீவேதான்டி, வயித்துக்குள்ள. பேப்பர்ல வரைஞ்சு காட்டுனார். பை மாதிரி இருக்கிற இரைப்பைக்குள்ள வாய் வழியா ஒரு குழாய விட்டு, அந்தக் குழாய் ஓரமாவே வெட்டிக்கிட்டு வர்றது. வெட்ட வெட்ட டைட்டானிய பின்னு வரிசையாப் பிடிச்சுக்கிட்டே வரும். வெளி வளைவு மொத்தமும் போயிரும், மிச்சம் ஒரு வாழைப்பழம் கணக்கா நிக்கும். கொள்ளளவு ஒரு டீ கிளாஸ்தான். எனக்கு அது சட்டுனு புரிஞ்சுது. மார்க் பண்ணி ஓரத்த வெட்டுறது நான் தினமும் பண்ற வேலை. ஒண்ணே ஒண்ணு கேட்டேன்: "தப்பா வெட்டிட்டா பிரிச்சு விட முடியுமா சார்?" முடியாதுன்னார். அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல.

பைபாஸ்னு இன்னொண்ணும் இருக்கு, குடலையே மாத்தித் தைக்கிறது. எதுக்களிப்பு அதிகம் இருந்தா அதுதான் நல்லதாம். எண்டோஸ்கோப்பியில எனக்கு அப்படி ஒண்ணும் இல்லாததால ஸ்லீவே போதும்னுட்டாங்க.

அப்புறம் டெஸ்ட்டு டெஸ்ட்டுன்னு ஒரு மாசம். இதயம், தைராய்டு, ஈரல், கடைசியா மனசு. கவுன்சிலிங் பண்ற பொண்ணுக்கு நம்ம பெரியவ வயசுதான் இருக்கும். "பசிச்சாச் சாப்பிடுவீங்களா, கஷ்டமா இருந்தாச் சாப்பிடுவீங்களா?"ன்னுச்சு. நான் சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே இருந்தவ எப்ப அழ ஆரம்பிச்சேன்னு தெரியல. 2009க்கு முன்னாடி எடுத்த போட்டோவுல நான் எப்படி இருப்பேன்னு உனக்குத் தெரியும். அதுக்கு மேல நான் எழுத வேண்டியதில்ல.

பணம் மூணரை லட்சம். இன்சூரன்சுக்காரன் முதல்ல இது அழகுக்குப் பண்றதுன்னு திருப்பி அனுப்பிட்டான். அழகுக்கு எவடி வயித்த வெட்டிக்குவா! உயரத்தையும் எடையையும் வச்சு ஒரு கணக்குப் போடுவாங்க, பிஎம்ஐன்னு. அது 40க்கு மேல இருந்தா பாலிசியில உண்டு. 35க்கு மேல இருந்தா, அடங்காத சர்க்கரையோ கடுமையான தூக்க மூச்சடைப்போ கூட இருக்கணும். எனக்கு 48. தம்பி போய் அந்தக் காகிதத்தையே மேஜையில போட்டுச் சண்டை போட்டு வாங்கிட்டு வந்தான். அப்பவும் முழுசாத் தரல, என் வளையல் ரெண்டும் இன்னும் அடகுலதான் இருக்கு. கேட்டாப் பாலிஷுக்குக் குடுத்திருக்கேன்னு சொல்லி வச்சிருக்கேன். இதோட எத்தனை பொய்யாச்சு பாரு.

ஆபரேஷன விட அதுக்கு முந்தின ரெண்டு வாரந்தான் சித்திரவதை. ஈரல்ல கொழுப்புப் பிடிச்சு வீங்கி இரைப்பை மேல மூடி மாதிரி கிடக்குமாம், அது சுருங்குனாத்தான் தூக்கிப் பிடிச்சு வேலை பாக்க முடியுமாம். அரிசி இல்ல, இனிப்பு இல்ல. புரோட்டீன் பவுடர், மோர், வெள்ளரிக்கா, முட்டை வெள்ளை. அதுக்கு நடுவுலதான் பொங்கல் வந்துச்சு. ஊரே கரும்பக் கடிக்குது, நான் ஷேக்கரக் குலுக்கிக்கிட்டு இருக்கேன். எங்க கடைக்குக் கீழ பரோட்டாக் கடை இருக்குல்ல, சாயங்காலம் அஞ்சு மணிக்குச் சால்னா கொதிக்கிற வாசம் படியேறி வந்து என் பக்கத்துல உக்காரும். ஒன்பதாம் நாள் முடியல. ஷட்டரப் பாதி இறக்கிட்டு, ரெண்டு பரோட்டாவப் பிச்சுப் போட்டுச் சால்னாவ ஊத்தி, விளக்கக்கூடப் போடாம இருட்டுல தின்னேன். தின்னு முடிச்சுட்டுக் கட்டிங் டேபிள் மேல தலையச் சாய்ச்சு அழுதேன். மறுநாள் டயட்டீசியன்கிட்ட ஒத்துக்கிட்டேன். அந்தப் பொண்ணு திட்டல. "ரெண்டோட நிறுத்தினீங்களா?"ன்னு மட்டும் கேட்டுச்சு.

ஆபரேஷன் எனக்கு என்ன தெரியும், தூங்குனேன், முழிச்சேன். வயித்துல அஞ்சு ஓட்டை. வயிறு வலிக்கும்னு பாத்தா தோள்பட்டை வலிக்குது! உள்ள ஊதுன கேஸ் அங்கிட்டுப் போய் இழுக்குமாம். சாயங்காலமே நடக்க விட்டாங்க, ரத்தம் கட்டக் கூடாதுன்னு காலுக்கு இறுக்கமா சாக்ஸ். தண்ணி குடுத்த அழகு இருக்கே, டானிக் மூடியில 30 மில்லி, அதையும் கால் மணி நேரமா நக்கி நக்கி. அண்டா அண்டாவாக் குடிச்ச உடம்பு. வெட்டி எடுத்தத ட்ரேயில வச்சு எங்க வீட்டுக்காரருக்குக் காட்டியிருக்காங்க. எப்படி இருந்துச்சுன்னு கேட்டேன். காத்துப் போன பலூன் மாதிரி இருந்துச்சாம். அன்னையிலருந்து ரெண்டு மாசம் அவரு குடல் குழம்பத் தொடல. ஞாயித்துக்கிழமையானா குடல் இல்லாம இருக்க மாட்டாரே, அந்த மனுசன்.

மூணாம் நாள் காலைல முழிச்சேன். என்னமோ குறையுது. எதுவோ வீட்டுல காணாமப் போன மாதிரி. யோசிச்சு யோசிச்சுப் பாத்தா, பசி இல்ல. ஜோதி, எனக்கு நினைவு தெரிஞ்சு பசியில்லாத காலை ஒண்ணு இருந்ததில்ல. பசியக் கிளப்புற சுரப்பு அந்த வெட்டுன பாகத்துலதான் அதிகமாம், கிரெலின்னு பேரு. அப்ப இத்தனை வருசமா என்னைய ஆட்டி வச்சது இதுதானா? "வாயக் கட்டு, வாயக் கட்டு"ன்னு ஊரே சொல்லுச்சே. நானும் என்னையே காறித் துப்பிக்கிட்டேனே.

அப்புறம் ரெண்டு வாரம் தண்ணி ஆகாரம், அதுக்கப்புறம் குழைச்சது, அப்புறம் மெத்துனது. மூணாவது வாரம் அம்மா வந்து "ரெண்டு வாய்டி"ன்னு இட்லியப் பிட்டு வாயில வச்சுச்சு. அம்மாவுக்கு எங்க தெரியும், குடலிறக்கம்னுதானே சொல்லியிருக்கேன். நானும் மென்னு முழுங்காம அவசரமா உள்ள தள்ளிட்டேன். நெஞ்சுக்குள்ள கல்லு வச்ச மாதிரி அடைச்சு, நுரை நுரையா வந்துச்சு. இப்பப் பழகிருச்சு. ஒரு வாய எண்ணி இருபது தடவ மெல்லணும். சாப்பாட்டோட தண்ணி கூடாது, அரை மணி நேரம் கழிச்சுத்தான். நாளைக்கு 60 கிராமாவது புரோட்டீன் போகணும், அதனால முதல்ல முட்டை, மீன், பருப்பு, சோறு கடைசிதான். சோத்துக்கு இடம் இருக்கிறதில்ல. சத்து மாத்திரை ஆயுசுக்கும். பித்தப்பையில கல்லு வராம இருக்க ஆறு மாசம் ஒரு மாத்திரை, அது இப்பத்தான் முடிஞ்சுது.

எடை இப்ப 88. இன்சுலின் மார்ச்சோட நின்னுது, ஒரு மாத்திரை மட்டும். ஆனா முடி கொட்டுதுடி. நாலாவது மாசம் ஆரம்பிச்சுது. நீ சாட்டைன்னு கேலி பண்ணுவியே, அந்தச் சடை இப்ப நூல்கண்டு நுனி. திரும்ப முளைக்கும்கிறாங்க. கைச்சதை தொங்குது. பிளவுஸா இருந்தா ஒரு இஞ்ச் பிடிச்சுத் தைச்சிரலாம், இதுக்கு வேற ஆபரேஷனாம். போங்கடான்னு விட்டுட்டேன். அழகர் ஆத்துல இறங்குன அன்னைக்கு ஆசைக்கு ரெண்டு ஸ்பூன் ஜிகர்தண்டா சாப்பிட்டேன். நெஞ்சு படபடத்து வேர்த்துப் போச்சு, மிச்சத்தத் தம்பி மகன் குடிச்சான்.

இதெல்லாம் பெருசில்ல. பெருசு ஊரு வாய். முன்னாடி என் கடைக்குப் பேரே குண்டக்கா கடை. அட்ரஸ் சொல்ல நானே அப்படித்தான் சொல்லுவேன். இப்ப அதே வாய் "என்னக்கா இப்படி உருகிட்டீங்க, சுகர் ஏறிருச்சா?"ன்னு கேக்குது. சில பேரு அதுகூடக் கேக்கிறதில்ல. பின்னாடி போய் "அதுவா இருக்குமோ"ன்னு குசுகுசுக்கிறாங்க. உண்மையச் சொன்னா என்ன சொல்லுவாங்கன்னு எனக்குத் தெரியும். வாயக் கட்ட முடியாதவ வயித்தக் கட்டிட்டான்னு சொல்லுவாங்க. அதுக்குப் பயந்துதான் யார் கேட்டாலும் "கொள்ளுக் கஞ்சி, சாயங்காலம் நடை"ன்னு சொல்லி வச்சேன்.

அதுதான் என்னைய இந்த லெட்டர எழுத வச்சிருக்கு. வில்லாபுரத்துல இருந்து ஒரு பொண்ணு, ஆவணியில கல்யாணம், ஆரி ஒர்க் பிளவுஸ் குடுத்திருந்துச்சு. 68 கிலோதான் இருக்கும், நல்லா லட்சணமா இருந்த பிள்ளை. மாப்பிள்ளை வீட்டுல யாரோ "கொஞ்சம் இளைச்சா எடுப்பா இருக்கும்"னு சொல்லிட்டாங்களாம். அளவு குடுக்க வந்தப்ப ரகசியமாக் கேட்டுச்சு, எப்படிக்கா குறைஞ்சீங்கன்னு. நானும் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிச்சேன்.

போன வாரம் ட்ரயலுக்கு வந்துச்சு. பிளவுஸ் ரெண்டு இஞ்ச் லூஸ். "பாத்தீங்களாக்கா!"ன்னு சிரிச்சுக்கிட்டே கையத் தூக்குன பிள்ளை அப்படியே சரிஞ்சிருச்சு. கட்டிங் டேபிள் முனை நெத்தியில பட்டு ரத்தம். சீனித் தண்ணி குடுத்து உக்கார வச்சேன். ஆறு வாரமா ரெண்டு வேளை கொள்ளுக் கஞ்சி, வேற ஒண்ணும் இல்லையாம். "உங்கள மாதிரி முடியலையேக்கா, என்கிட்டத்தான் ஏதோ கோளாறு"ன்னு அழுகுது. நான் என்னையப் பத்தி இத்தனை வருசமா சொன்ன அதே வார்த்தை.

ஸ்க்ரீன இழுத்து விட்டுட்டு, சேலைய விலக்கி அஞ்சு தழும்பையும் காட்டிட்டேன். எல்லாத்தையும் சொன்னேன். ஏன் பொய் சொன்னேன்னு கேக்கும்னு பாத்தேன். "வலிச்சுச்சாக்கா?"ன்னு மட்டும் கேட்டுச்சு. அவங்க அம்மாவக் கூப்பிட்டு டாக்டர்கிட்டக் கூட்டிப் போகச் சொன்னேன். பிளவுஸப் பிடிச்சுத் தைக்க மாட்டேன்னுட்டேன். உள்ள ஒன்றரை இஞ்ச் விட்டு வச்சிருக்கேன், அந்தப் பிள்ளை தேறுனா பிரிச்சு விட.

வழியில போற பிள்ளைக்குச் சொல்லியாச்சு, உனக்குச் சொல்லலையேன்னு அன்னையிலருந்து உறுத்துது. வீட்டுக்காரர், தம்பி, அந்தப் பிள்ளை, இப்ப நீ. உன் நாத்தனார்கிட்ட மூச்சு விட்ட, அவ்வளவுதான்.

அம்மாவுக்குத்தான் இன்னும் சொல்லல. அதுல ஒரு சிக்கல். "எம் மக உடம்பு பழையபடி தேறணும்"னு அழகர்கோவிலுக்கு மொட்டை நேந்திருக்கு. பழையபடின்னா எதுன்னு புரியுதா? 118! எழுவத்தி ரெண்டு வயசுல நான் மறுபடி குண்டாகணும்னு முடி குடுக்கப் போகுது. நான் சொன்னா நம்பாது, எதையோ மறைக்கிறேன்னு நினைக்கும். நீ சொன்னா நம்பும், டைப்ரைட்டிங் கிளாஸ் பச்சைத் தாவணி விவகாரத்துல இருந்தே அதுக்கு உன் மேலதான் நம்பிக்கை. ஆவணி பொறந்ததும் மொட்டை. அதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை திருப்பூர்ல இருந்து பஸ் ஏறு. நீ பக்கத்துல உக்காரு, நான் சொல்லிக்கிறேன். கறி தோசை வாங்கித் தர்றேன், நீ முழுசாச் சாப்பிடு, எனக்கு ஓரத்துல ஒரு விள்ளல் போதும்.

உன்
செல்வி

பி.கு.: நோட்டுல உன் அளவு இன்னும் 36ன்னுதான் கிடக்கு. நான் உண்மையச் சொல்லிட்டேன்ல, நீயும் இப்ப இருக்கிற அளவ ஒழுங்கா எழுதி அனுப்பு.