செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமான விவரங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். செயற்குழு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடியது. நம் ஆய்விதழ் இரண்டு முறையும் குறித்த மாதத்தில் வெளிவந்தது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

ஆண்டின் பெரும்பகுதி பழைய கட்டுரைகளை மீட்பதிலேயே போனது. ஆடி மாதம் ஒரு காலையில் நம் இணையதளம் திறக்கவில்லை. சர்வர் தந்திருந்த நிறுவனம் தொழிலையே நிறுத்திவிட்டது. போனை எடுக்க ஆளில்லை. பேக்கப் இருக்கிறது என்று நம்பியிருந்தோம். அதுவும் அதே சர்வரில்தான் இருந்திருக்கிறது. இதை நான் முன்பே விசாரித்திருக்க வேண்டும். இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷினில் தேடியபோது பொருளடக்கப் பக்கங்கள் கிடைத்தன, பெரும்பாலான பிடிஎஃப்கள் கிடைக்கவில்லை.

அப்புறம் பழைய சிடிகளை எடுத்தோம். 2003ஆம் ஆண்டு இதழைப் பக்கம் அமைத்த பேஜ்மேக்கர் மென்பொருளின் கோப்பு திறந்தது. ஆனால் தமிழ் இருக்க வேண்டிய இடமெல்லாம் ஆங்கில எழுத்தும் குறிகளுமாக நின்றன. அச்சகத்துக்கு ஓர் எழுத்துரு என்றிருந்த காலம் அது. அந்த எழுத்துரு இன்று யாரிடமும் இல்லை. கடைசியில் அச்சுப் பிரதி ஒன்று, அம்மாபேட்டையில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் வீட்டுப் பரணிலிருந்து இறங்கியது. ஸ்டேப்லர் பின் துருப்பிடித்து, நடுப்பக்கத்தில் பழுப்புக் கறை. பின்னை மெல்லக் கழற்றி ஒவ்வொரு பக்கமாக ஸ்கேன் செய்தோம். சேர்வராயன் மலைக் கிராமங்களில் முதியவர்களிடம் கேட்டுத் தொகுத்த சொற்பட்டியல் அந்த இதழில்தான் இருக்கிறது. சொல் கொடுத்த பாட்டிமார் பலர் இப்போது உயிரோடு இல்லை. அவர்களில் ஒருவரின் பேத்தி இன்று ஆய்வு மாணவி. அந்தப் பட்டியலைக் கேட்டு எழுதியிருந்தார். கொடுக்க முடிந்தது. இந்த ஆண்டில் எனக்கு இதைவிட நிறைவான நாள் இல்லை.

கட்டுரைக்கு டிஓஐ என்ற நிலையான இணைய அடையாள எண் வாங்கிவிட்டால் போதாதா என்று பொதுக்குழுவில் கேட்டார்கள். போதாது. அது முகவரி மட்டுமே. வீடு இடிந்தால் முகவரியால் என்ன செய்ய முடியும்? 2024 ஜனவரியில் வெளிவந்த ஓர் ஆய்வு, டிஓஐ உள்ள 70 லட்சத்துக்கும் மேற்பட்ட வெளியீடுகளைச் சோதித்தது. அவற்றில் சுமார் 28 விழுக்காடு எந்த முக்கிய மின்காப்பகத்திலும் இருப்பதாகத் தெரியவில்லை. பெரிய பதிப்பகங்களுக்குப் போர்ட்டிகோ, கிளாக்ஸ் போன்ற மின்காப்பகங்கள் உண்டு. நம்மைப் போன்ற சிறிய இதழ்கள்தான் சத்தமில்லாமல் அழிகின்றன.

ஆகவே இதழை, ஆய்விதழ்களை இணையத்தில் வெளியிட உதவும் ஓஜேஎஸ் மென்பொருளுக்கு மாற்றினோம். இதழ்களுக்குத் தரப்படும் ஐஎஸ்எஸ்என் அடையாள எண் ஏற்கெனவே இருந்ததால், அந்த மென்பொருளை உருவாக்கியவர்களே இலவசமாக நடத்தும் பிகேபி காப்பு வலையத்தில் சேர முடிந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பிறந்த லாக்ஸ் முறைதான் அதற்கு அடிப்படை. ஒரே கட்டுரையின் பிரதிகள் வெவ்வேறு இடங்களில் இருக்கும். அவை அவ்வப்போது ஒன்றையொன்று ஒப்பிட்டுப் பார்த்து, கெட்டுப்போன பிரதியை நல்ல பிரதியிலிருந்து சரிசெய்துகொள்ளும். ஓலைச்சுவடியைப் படியெடுத்துப் பல ஊர்களில் வைத்தார்களே, கிட்டத்தட்ட அதே வேலை.

புதிய கட்டுரைகளை இனி, நீண்டகாலச் சேமிப்புக்கென்றே உள்ள பிடிஎஃப்-ஏ வடிவில்தான் ஏற்றுகிறோம். எழுத்துரு கோப்புக்குள்ளேயே பதிந்திருக்கும்; 2003 இதழுக்கு நேர்ந்தது இனி நேராது. சொற்பட்டியலை மூன்று உறுப்பினர்கள் யூனிகோடில் மறுபடி தட்டச்சு செய்து, இரண்டு முறை மெய்ப்புப் பார்த்தார்கள். அவர்களுக்குச் சங்கத்தின் நன்றி. இவை தவிர, தனித்தனி ஹார்டு டிஸ்க்கில் ஒரு பிரதி சேலத்திலும் ஒரு பிரதி ஏற்காட்டிலும் உள்ளன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கோப்பு மாறியிருக்கிறதா என்று காட்டிக்கொடுக்கும் செக்சம் எண்ணைச் சரிபார்க்கச் செயற்குழு முடிவு செய்துள்ளது.

1998 ஜூலை, 2001 ஜனவரி ஆகிய இரண்டு இதழ்கள் இன்னும் கிடைக்கவில்லை. வீட்டில் பழைய கட்டுகள் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து பிரித்துப் பாருங்கள். அட்டை போயிருந்தாலும் சரி, கொண்டுவாருங்கள். ஸ்கேன் செய்து அப்படியே திருப்பித் தருகிறோம்.

செயலாளர்
சேலம்