கேமில் கழுத்து வலிக்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினியில் போர் விமானம் ஓட்டும் விளையாட்டுகளைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை வந்திருந்தது. நன்றாகத்தான் இருந்தது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் நடுவில், இந்த கேம்களில் ஆயிரம் மணி நேரம் உட்கார்ந்தவன் பாதி விமானி ஆகிவிட்டான் என்கிற மாதிரி ஒரு வரி. அதைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. ஆயிரம் மணி நேரத்தை எல்லாம் நான் எப்போதோ தாண்டியாகிவிட்டது.

எனக்கு வீடு சூலூர் பக்கம். தேஜஸ் போர் விமானம் தலைக்கு மேல் போனால் போனில் பேசிக்கொண்டிருப்பதை நிறுத்திவிட்டு, சத்தம் அடங்கும்வரை காத்திருந்து பேசுகிற ஊர். 2001-இல் ஐஎல்-2 ஸ்டர்மோவிக் என்கிற கேம் வந்தபோது பிடித்த பைத்தியம், இப்போது டிசிஎஸ் என்கிற போர் விமான கேமில் வந்து நிற்கிறது. நடுவில் ஆசை முற்றிப்போய் ஒரு பயிற்சிப் பள்ளியில் செஸ்னா 152-இல் பதினொரு மணி நேரம் பறந்தேன். தனியார் விமானி உரிமத்துக்கு 40 மணி நேரம் வேண்டும், என் சேமிப்பு பதினொன்றிலேயே தீர்ந்துவிட்டது. அப்புறம் ஆபீஸ் வேலையாக கலிஃபோர்னியா போனபோது, காசு கட்டினால் உண்மையான விமானத்தில் பொய்ச் சண்டை போடவிடும் இடம் ஒன்று கிடைத்தது. அந்தக் கதைக்கு வருகிறேன்.

முதலில் ஒன்று. கேம் எளிது, நிஜம் கஷ்டம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். தரையிறக்கத்தில் பாதி நேரம் அது நேர்மாறு. தட்டையான திரையில் தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்று தெரியாது, ஓரக்கண்ணுக்கு ஒன்றும் அகப்படாது, நாற்காலி அசையாது. செஸ்னாவில் விமானம் தொய்வது முதலில் புட்டத்துக்குத் தெரிகிறது, அப்புறம்தான் எதிரே இருக்கும் அளவுமானி முள்ளுக்குத் தெரிகிறது. ஸ்டால் ஆகப்போகிறது, அதாவது இறக்கை விமானத்தைத் தாங்காமல் விடப்போகிறது என்றால் காற்றுச் சத்தம் மாறும், கையில் பிடித்திருப்பது தொளதொளவென்று ஆகும், முழு உடம்பும் நடுங்கும். கேமில் இதை எல்லாம் சேர்த்து ஒரு ஒலியும் கொஞ்சம் திரை ஆட்டமுமாகக் கொடுத்துவிடுகிறார்கள். உடம்பு சொல்வது எதுவும் இல்லாததால் நாங்கள் முள்ளையே பார்த்துப் பழகிவிடுகிறோம். என் பயிற்சியாளர் இரண்டாவது நாளே கண்டுபிடித்துவிட்டார். “கம்ப்யூட்டர்ல ஓட்டுவீங்களா தம்பி?” என்று கேட்டுவிட்டு, தன் நோட்டுப் புத்தகத்தை விரித்து முள்பலகை மேல் கவிழ்த்து வைத்தார். “இப்ப ஓட்டுங்க.” பத்து நிமிஷம் எனக்கு உலகமே சரிந்துகொண்டிருந்தது. மேகத்துக்குள் போனால் கதை தலைகீழ், அங்கே காதுக்குள் இருக்கும் அரைவட்டக் குழாய்கள் பொய் சொல்லும், முள்ளைத்தான் நம்ப வேண்டும், நம்பாமல் செத்தவர்கள் ஏராளம். எப்போது உடம்பை நம்புவது, எப்போது நம்பக்கூடாது என்கிற வாக்குவாதம் கேமில் வரவே வராது. அங்கே உடம்பு என்று ஒன்று இல்லை.

சரி, கலிஃபோர்னியா. விமானம் இத்தாலிக்காரர்களின் மார்கெட்டி எஸ்எஃப்-260. 260 குதிரைத்திறன், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருக்கை, 6ஜி, அதாவது எடை ஆறு மடங்காகத் தெரிகிற அளவு விசை வரை தாங்கும். என் பக்கத்தில் ஓய்வு பெற்ற போர் விமானி ஒருவர். எதிர் விமானத்திலும் இதே மாதிரி ஒரு வாடிக்கையாளரும் ஒரு பெரியவரும். குறி சரியாக விழுந்தால் எதிராளியின் விமானத்திலிருந்து புகை வரும். குண்டு கிடையாது.

முதல் சண்டையில் ஜெயித்தேன், அதையும் சொல்லிவிட வேண்டும். எதிராளி வேகமாகத் திரும்பியபோது அவன் பின்னாலேயே திருகாமல், மூக்கை மேலே தூக்கி வேகத்தை உயரமாக மாற்றிக்கொண்டு, மேலிருந்து அவனுடைய வட்டத்தின் உள்பக்கமாக இறங்கினேன். இருபது வருஷமாகத் திரையில் செய்தது. பெரியவர் திரும்பி என்னை ஒரு மாதிரி பார்த்தார். வேகம், உயரம், கோணம் என்று கணக்கு சம்பந்தப்பட்ட வரைக்கும் கேம் பொய் சொல்லவில்லை, உங்கள் கட்டுரையாளர் சொன்னது அந்த மட்டில் சரி.

இரண்டாவது சண்டையில் எதிராளி எனக்குப் பின்னால் வந்துவிட்டான். கேமில் இது சாதாரணம். தலையில் மாட்டிய கருவி இருக்கிறது, தலையை இம்மியளவு திருப்பினால் திரையில் பார்வை வால் வரைக்கும் போய்விடும். இங்கே வார்ப்பட்டை இழுத்துப் பிடித்திருக்க, ஜி மீட்டர் நாலரை காட்ட, நான் தலையைத் திருப்பி மேலே பார்க்க வேண்டும். தலையும் ஹெட்செட்டும் சேர்ந்து ஐந்தரை கிலோ என்று வையுங்கள், நாலரையால் பெருக்குங்கள், இருபத்தைந்து கிலோ. நம் ஊர் அரிசிச் சிப்பம் ஒன்று. அதைக் கழுத்தில் வைத்துக்கொண்டு பின்னால் திரும்பிப் பார்க்கச் சொல்கிறார்கள். திருப்பிய தலை திருப்பினபடியே நின்றுவிட்டது. கன்னம் கீழே தொங்கியது. வானத்தின் நீலம் வெளிறிச் சாம்பலாகி, ஓரங்கள் இருட்டின. “வயித்தை இறுக்கு, தொடையை இறுக்கு, மூச்சைப் பிடி” என்று பெரியவர் ஆங்கிலத்தில் கத்தினார். கேமிலும் இந்த இருட்டு வரும், ஸ்டிக்கை, அதாவது விமானத்தைத் திருப்பும் கோலைத் தளர்த்தினால் போய்விடும், அதற்காக எவனும் தொடையை இறுக்குவதில்லை. இது நாலரை ஜி, அதுவும் சில நொடிகள். போர் விமானத்தில் ஹெல்மெட், முகமூடி எல்லாம் போட்டுக்கொண்டு ஒன்பது ஜியில் ஒருவர் பின்னால் பார்க்கிறார் என்றால் தலை மட்டும் அறுபது கிலோ. இதற்காகத்தான் பெங்களூரு விமான மருத்துவ நிறுவனத்தில் போர் விமானிகளை நீண்ட கை ஒன்றின் நுனியில் உட்காரவைத்துச் சுற்றுகிறார்கள்.

மூன்றாவது சண்டையில் வாந்தி. பை கொடுத்திருந்தார்கள், அதை விவரிக்க வேண்டாம்.

கைக்கும் இதே கதைதான். இரண்டாம் உலகப்போரின் மெஸ்ஸர்ஷ்மிட் 109 அதிவேகத்தில் பாயும்போது ஸ்டிக் கல்லாக இறுகிவிடும், இழுக்க மனித பலம் போதாது. கேமில் அதைக் கணக்கில் எடுத்து மூக்கு மெதுவாகத்தான் நிமிரும். ஆனால் என் கையில் இருக்கும் பிளாஸ்டிக் ஸ்டிக்கின் ஸ்பிரிங் நூறு மைல் வேகத்திலும் நானூறு மைல் வேகத்திலும் ஒரே மாதிரி, இரண்டு விரல் போதும்.

ஆனால் எனக்கு நிஜமாகவே உறைத்தது வேறு. இரண்டு விமானங்களும் நேருக்கு நேர் வந்து கடக்கும்போது நடுவே 500 அடி இடைவெளி கட்டாயம், அதற்குள் போகக்கூடாது, முகத்துக்கு நேரே சுடக்கூடாது. முதல் தடவை கடக்கும்போது என் கை தன்பாட்டில் எதிரியை நோக்கிப் போனது. கேமில் அப்படித்தான் செய்வேன்: மோதினால் மோதட்டும், ஒரு பொத்தான், மறுபடி ஓடுதளம். பெரியவர் ஸ்டிக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

2020 ஆகஸ்டில் அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டார்பா நடத்திய போட்டியில் ஒரு செயற்கை நுண்ணறிவு நிரல், எஃப்-16 விமானி ஒருவரை சிமுலேட்டரில் 5-0 என்று வென்றது ஞாபகம் இருக்கலாம். செய்தி பெரிதாக வந்தது. அது வென்ற விதம் அவ்வளவாகப் பேசப்படவில்லை. நேருக்கு நேராக வந்து முகத்தில் சுட்டது, மனித விமானிகளுக்குப் பயிற்சியில் தடை செய்யப்பட்ட வேலை. அதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அந்த நிரல் என்னை மாதிரிதான் ஓட்டியிருக்கிறது, சாவதற்கு ஒன்றும் இல்லாதவன் மாதிரி.

இதனால் சிமுலேட்டரே வீண் என்று சொல்ல வரவில்லை. எட்வின் லிங்க் என்பவர் 1929-இல் அப்பாவின் பியானோ, ஆர்கன் தொழிற்சாலைத் துருத்திகளை வைத்து முதல் பயிற்சிப் பெட்டியைச் செய்தார்; சில வருஷம் கழித்து விமானப்படைகள் வாங்க ஆரம்பித்தன, இன்றும் இதை நம்பித்தான் இருக்கின்றன. எங்கள் தெருவில் மிக்-21 பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். 2025 செப்டம்பரில் சண்டிகரில் அந்த விமானத்துக்கு விடைகொடுத்த செய்தி வந்த வாரம், அவரை உட்காரவைத்து டிசிஎஸ்ஸில் மிக்-21பிஸ் எஞ்சினை நான் ஸ்டார்ட் செய்து காட்டினேன். வரிசையாக எல்லா சுவிட்சும் போட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார், “சரியாத்தான் பண்றீங்க சார்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “ஏணியை யாரு எடுத்தா?” என்றார்.

கடைசியாக ஒன்று, கட்டுரைக்கு நேரடி சம்பந்தம் இல்லை என்று நினைத்தால் வெட்டிவிடுங்கள். கலிஃபோர்னியாவில் இறங்கிய அன்று இரவு, டொரண்டோவில் இருக்கும் யாழ்ப்பாணத்து நண்பருக்குப் போன் போட்டேன். எங்கள் ஐஎல்-2 கூட்டத்தில் இல்லாதவர், வேறு வகையில் பழக்கம். மார்கெட்டியில் ஏறினேன் என்று ஆரம்பித்து வாந்தி வரைக்கும் ஒரே மூச்சில் சொன்னேன். மறுமுனையில் சத்தமில்லை. பிறகு, “சியாய் மார்கெட்டியோ? சியாமாசெட்டி?” என்றார். எண்பதுகளின் நடுவில் இலங்கை விமானப்படை வாங்கி யாழ்ப்பாணத்தின் மேல் குண்டு போட்ட அதே ரக விமானம். ஊரில் அதன் பெயர் அப்படித்தானாம். சத்தத்தை வைத்தே இன்னது வருகிறது என்று சின்னப் பிள்ளைகள் சொல்லிவிடுவார்களாம். “உதுக்குப் பயந்து நாங்கள் பங்கருக்குள்ள கிடந்தனாங்கள். நீர் காசு குடுத்தோ ஏறினனீர்?” என்று சிரித்தார், கோபமாகச் சொல்லவில்லை. நான் பேச்சை மாற்றுவதற்காக கேமைப் பற்றிச் சொன்னேன், அதில் தரைத் தாக்குதல் எவ்வளவு அச்சு அசலாக இருக்கும், லாரி வெடித்தால் புகை எத்தனை நேரம் நிற்கும் என்றெல்லாம்.

“கீழ ஆக்கள் இருக்கினமோ அதில?” என்று கேட்டார்.

லாரி இருக்கும், டாங்கி இருக்கும், வீடுகள் இருக்கும் என்றேன். வீட்டுக்குள் யாரும் இருக்க மாட்டார்கள்.

“அப்ப சரி” என்றார். அங்கே பனி எப்படி என்று கேட்டேன், அதைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினோம்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
சூலூர்.