கருப்புப் பூஞ்சையிலிருந்து அப்பாவை மீட்டுத் தந்தவர்களுக்கு

பேரன்புடையீர், வணக்கம்.

போன வாரம் அப்பாவைப் பரிசோதித்த காது மூக்கு தொண்டை டாக்டர், "இனி வருஷத்துக்கு ஒரு தடவை வந்து காட்டினால் போதும்" என்று சொல்லிவிட்டார். 2021 மே மாதம் கொரோனா தேறி வீடு வந்த கையோடு கருப்புப் பூஞ்சை பிடித்து மறுபடி படுக்கையில் விழுந்தவர் அவர். அன்றைக்குக் கைகொடுத்தவர்களுக்கு நின்று நன்றி சொல்லக்கூட எங்களுக்கு நேரமில்லை. இப்போது சொல்கிறேன். யார் பெயரையும் எழுதவில்லை. படித்தால் உங்களுக்கே தெரியும்.

முதல் நன்றி எங்கள் பல் டாக்டருக்கு. மேல் கடைவாய்ப் பல் ஆடுகிறது, பிடுங்கிவிடுங்கள் என்றுதான் அப்பா போனார். டாக்டர் பல்லைத் தொடவில்லை, கன்னத்தைத் தொட்டார். "தொடுறது தெரியுதா?" தெரியவில்லை. கொரோனாவுக்கு ஸ்டீராய்டு போட்டார்களா, சுகர் எவ்வளவு என்று கேட்டுவிட்டு அரசு மருத்துவமனைக்குச் சீட்டு எழுதினார். "இன்னைக்கே போங்க, நாளைக்குன்னு வைக்காதீங்க." அந்த அவசரத்தின் அர்த்தம் பிறகுதான் புரிந்தது. இந்தப் பூஞ்சை இரத்தக் குழாய்க்குள் புகுந்து அடைக்கும். இரத்தம் போகாத சதை செத்துக் கருத்துவிடும். சைனஸிலிருந்து கண், கண்ணிலிருந்து மூளை என்று ஏறுவதற்குச் சில நாட்களே போதும்.

அன்று மாலையே மூக்கிலிருந்து எடுத்த சதைத் துணுக்கை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சொன்ன மைக்ரோபயாலஜி டாக்டருக்கு அடுத்த நன்றி. கல்ச்சர், அதாவது ஆய்வகத் தட்டில் பூஞ்சை வளரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. அகலமான, நாடா போன்ற இழைகள், கிட்டத்தட்ட செங்கோணத்தில் பிரியும் கிளைகள். அது போதும் என்றார். ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற இன்னொரு பூஞ்சைக்கு முதல் மருந்தாகத் தரும் வோரிகோனசோல் இதை ஒன்றும் செய்யாது. ஆளை மாற்றிச் சொல்லியிருந்தால் மருந்தும் மாறியிருக்கும். கருத்த எலும்பையும் சதையையும் எடுத்து, கண்ணை மட்டும் காப்பாற்றிக் கொடுத்த அறுவை சிகிச்சைக் குழுவுக்கு என்ன எழுதினாலும் குறைவு, அதனால் விட்டுவிடுகிறேன்.

மருந்துக் கதை எல்லோருக்கும் நினைவிருக்கும். பூஞ்சையைக் கொல்லும் ஆம்போடெரிசின் பி, அதிலும் கொழுப்புக் குமிழிக்குள் வைத்துத் தரும் லிப்போசோமல் வகை, ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராம். அப்பா 60 கிலோ. ஒரு குப்பியில் 50 மில்லிகிராம், ஆக நாளொன்றுக்கு ஆறு குப்பி. நாடு முழுக்கத் தட்டுப்பாடு. வாட்ஸ்அப் குழுக்களில் இரவெல்லாம் விழித்திருந்து, எந்த ஊரில் எத்தனை குப்பி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்த பிள்ளைகளில் பலரை நான் இதுவரை நேரில் பார்த்ததில்லை. வந்த கொஞ்சத்தையும் நோட்டுப் போட்டு, எந்தச் சிபாரிசுக்கும் அசையாமல் வார்டு முழுக்கப் பங்கிட்ட மருந்தக ஊழியர் மேல் அப்போது எனக்குக் கோபம்தான். இப்போது மரியாதை.

லிப்போசோமல் கிடைக்காத நாட்களில் பழைய, சாதா ஆம்போடெரிசின்தான் ஏறியது. அந்த நாட்களில்தான் சிஸ்டர்களின் அருமை தெரிந்தது. இந்த மருந்தை குளுக்கோஸில்தான் கலக்க வேண்டும், உப்புக் கரைசலில் போட்டால் திரிந்துவிடும். ஷிப்ட் மாறினாலும் தவறக் கூடாது என்று ஒரு சிஸ்டர் பாட்டில் மேலேயே மார்க்கரில் "சலைன் கூடாது" என்று கொட்டை எழுத்தில் எழுதுவார். மருந்து ஏற ஏற அப்பாவுக்குக் கட்டில் ஆடும் அளவுக்கு உதறும். அதை முன்கூட்டியே கணித்து ஊசியும் கம்பளியும் தயாராக வைத்திருப்பார். பொட்டாசியம் இறங்குகிறது என்று தினமும் கொடுத்த சிரப்பை அப்பா இன்றைக்கும் திட்டுகிறார். அதையும் நன்றிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் சிஸ்டர்.

அப்புறம், நாங்கள் பார்த்தே இராத சிலருக்கும் எழுத வேண்டும். ஆம்போடெரிசின் 1950களில் வந்தது. வெனிசுவேலாவில் ஒரினோகோ ஆற்றங்கரையில் அள்ளிய மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரிதான் அதைச் சுரந்தது. அதே மருந்துக் குடும்பத்தின் மூத்த பிள்ளை நிஸ்டாடின். அதைக் கண்டுபிடித்த எலிசபெத் ஹேசன் நியூயார்க்கிலும் ரேச்சல் பிரவுன் ஆல்பனியிலும் இருந்துகொண்டு, மாதிரிகளைத் தபாலில் அனுப்பி அனுப்பியே வேலை செய்திருக்கிறார்கள். 1950இல் அறிவித்தார்கள். ராயல்டியாக வந்த 1.3 கோடி டாலரில் தங்களுக்கென்று எதுவும் எடுத்துக்கொள்ளாமல் அறிவியல் ஆய்வுக்கே கொடுத்துவிட்டார்கள்.

அப்பா பிழைத்தார், ஆனால் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவு இரத்தத்தில் ஏறிவிட்டது. சிறுநீரக டாக்டரிடம் இன்னும் போகிறோம். பூஞ்சையின் செல் நம் செல்லைப் போலவே அமைந்தது என்பதால் அதை மட்டும் பார்த்து அடிக்கும் மருந்து கிடைப்பது கஷ்டம். ஆம்போடெரிசின் பூஞ்சை செல்லின் சவ்விலிருந்து எர்கோஸ்டெரால் என்ற கொழுப்பைப் பஞ்சு போல உறிஞ்சிக் கொல்கிறது. நம் செல்களில் இருக்கும் கொலஸ்ட்ராலும் அதற்கு அகப்பட்டுவிடுவதால்தான் சிறுநீரகம் அடிவாங்குகிறது. இதை விளக்கிய இல்லினாய் பல்கலைக்கழகத்தின் மார்ட்டின் பர்க்கும் அவரோடு உழைத்தவர்களும், கொலஸ்ட்ராலை விட்டுவிட்டு எர்கோஸ்டெராலை மட்டும் பிடிக்கும் மாற்று மூலக்கூறு ஒன்றை 2023இல் வெளியிட்டார்கள். எலிகளிலும் மனிதச் சிறுநீரகச் செல்களிலும் அது பழைய மருந்து அளவுக்குக் கெடுதல் செய்யவில்லை. மனிதர்களுக்கு மருந்தாக வருமா என்பது சோதனைகளைப் பொறுத்தது. வந்தால் அடுத்த வார்டில் யாரோ ஒருவர் சிறுநீரகம் கெடாமல் வீடு போவார், அவர்கள் சார்பிலும் முன்கூட்டியே நன்றி. உலகச் சுகாதார நிறுவனம் ஆபத்தான பூஞ்சைகளுக்கென்று முதல் பட்டியல் போட்டதே 2022இல்தான், மொத்தம் 19. அதுவரை அப்படி ஒன்று இல்லை என்பதை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு பல மாதம் சாப்பிட்ட போசகோனசோல் மாத்திரைக்குப் பணம் திரட்டிய அப்பாவின் ஆலை நண்பர்களுக்கும், தொற்றுநோய் என்று பயந்து ஒதுங்கிய தெருவில் இது ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது என்று வீடு வீடாகச் சொன்ன சுகாதாரச் செவிலியர் அக்காவுக்கும் எங்கள் நன்றி.

அப்பா தன் பங்குக்கு எழுதச் சொன்னது: செயற்கை அண்ணம் செய்து கொடுத்த பல் மருத்துவக் கல்லூரி மாணவர்களே, ரசம் இப்போது மூக்கில் ஏறுவதில்லை. ஃபோனில் பேசினால் எதிராளிக்குப் புரிகிறது. கிளிப் மட்டும் கொஞ்சம் லூசாகிவிட்டது, அடுத்த மாதம் வருகிறேன்.

நன்றியுடன்,
அவருடைய மகள்