சாலை கொஞ்சம் பின்னால் போகட்டும்

கடலோரச் சாலைகளுக்குக் கோடு போடும் பொறியாளர்களுக்கும், அந்தச் சாலைகளைப் படம் பிடித்து எங்களை அழைக்கும் சுற்றுலாத் துறையினருக்கும்,

வணக்கம். ஒரு பக்கம் வெள்ளை மணல், அதற்கப்பால் பச்சையும் நீலமுமாகத் தண்ணீர், கண்ணாடியை இறக்கினால் முகத்தில் உப்புக்காற்று. இதற்காகவே மணிக்கணக்கில் வண்டி ஓட்டுகிறவர்களில் நானும் ஒருவன். ஆகவே கார் வைத்திருப்பவர்களைத் திட்டும் கடிதம் என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள். நான் கேட்பது ஒன்றுதான். மணற்கரையில் சாலை போடும்போது மணல்மேட்டின் மேல் போடாதீர்கள், அதற்குப் பின்னால் போடுங்கள்.

கடைசியாக நான் போன சாலையின் விளம்பரப் படத்தில் மணல் உப்பளம் போல வெளுத்துக் கிடந்தது. நேரில் போனால் சாலையோரம் கான்கிரீட் சுவர், அதன் அடியில் கருங்கல் குவியல். கடற்கரைக்கு இறங்கப் படிக்கட்டு இருந்தது. அதன் கடைசிப் படி அந்தரத்தில் தொங்கியது. மணல் அதற்கும் இடுப்பளவு கீழே. ஒரு காலத்தில் மணல் எதுவரை இருந்தது என்பது சுவரில் கறைக்கோடாகத் தெரிந்தது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்குவதா வேண்டாமா என்று நின்றவர்கள், சுவரோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு வண்டிக்குத் திரும்பினார்கள்.

ஏன் இப்படி ஆகிறது என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன், படிப்பவர்கள் எல்லாரும் பொறியாளர்கள் அல்லவே. மணல்மேடு கரையின் நெற்குதிர் மாதிரி. புயல் வந்தால் அலை அதிலிருந்து மணலை அள்ளிக்கொண்டுபோய்க் கொஞ்ச தூரத்தில் கடலுக்குள் திட்டாகப் போடும். அடுத்த அலைகள் அந்தத் திட்டில் மோதிப் பலம் இழக்கும். கடல் அடங்கிய மாதங்களில் அதே மணல் மெல்ல மெல்லக் கரையேறும். காய்ந்ததும் காற்று அதை மேட்டுக்குக் கொண்டுபோகும். வெப்பமண்டலக் கரைகளில் அடும்பங்கொடியும் இராவணன் மீசை என்ற புல்லும் அதைப் பிடித்து நிறுத்தும். குதிரின் மேல் தார் ஊற்றி மூடிவிட்டால் இந்தக் கொடுக்கல் வாங்கல் நின்றுபோகிறது. தாரைக் காக்க ஒரு சுவர் வருகிறது. சுவரில் மோதித் திரும்பும் அலை அடிமணலைத் தோண்டுகிறது. சுவரைக் காக்கக் கல் வருகிறது. எதைக் காட்டுவதற்காகச் சாலை போட்டோமோ, அது போய்விடுகிறது.

லாரியில் மணல் கொண்டுவந்து கொட்டலாம், பல இடங்களில் கொட்டுகிறார்கள். ஆனால் வெள்ளை மணல் எல்லா இடத்திலும் கிடைத்துவிடாது. அமெரிக்காவில் புளோரிடாவின் வடமேற்குக் கரையில் இருப்பது அப்பலாச்சியன் மலைகளிலிருந்து ஆறுகள் இறக்கிய படிகக்கல் துகள். மற்றக் கனிமங்கள் வழியிலேயே தேய்ந்து கரைய, மிஞ்சியது இது. பவளத்தீவுகளின் வெண்மணலில் பெரும்பங்கு கிளிமீனின் வயிற்றிலிருந்து வருகிறது! பவளப்பாறையைக் கொறித்து, அரைத்து, மணலாக வெளியேற்றும் மீன் அது. பெரிய மீன் ஒன்று வருடத்துக்கு நூற்றுக்கணக்கான கிலோ மணல் தரும். சுத்தமான படிக மணலில் காலை அழுத்தினால் கீச்சென்று ஒரு சத்தம் கேட்கும், கேட்டிருக்கிறீர்களா? கொஞ்சம் தூசி கலந்தாலே அது நின்றுவிடும். கொட்டிய மணலில் அந்தச் சத்தத்தை எதிர்பார்க்க முடியாது.

பாறைக் கரையில் செதுக்கிய சாலைகளோடு எனக்குச் சண்டை இல்லை. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் 1919 முதல் 1932 வரை ஆஸ்திரேலியாவில் அமைத்த கிரேட் ஓஷன் ரோட்டில் மலைச்சரிவை வெட்டிய பகுதிகள் அழகுதான். மணல் நகரும் பொருள், அங்கேதான் தகராறு. அமெரிக்காவின் வட கரோலினாவில் மெல்லிய மணல்தீவுகள் வழியே ஓடும் 12ஆம் எண் நெடுஞ்சாலையைப் பாருங்கள். 2003 இசபெல் புயலிலும் 2011 ஐரீன் புயலிலும் கடல் அதைத் துண்டித்தது. சாலையில் ஏறும் மணலை இயந்திரம் வைத்துத் தள்ளித் தள்ளி அலுத்து, ரோடாந்தே ஊருக்கு வடக்கே சாலையையே காயலுக்குள் பாலமாகத் திருப்பி, 2022இல் திறந்தார்கள். பிரான்சில் சேத், மார்செயான் ஊர்களுக்கு நடுவே கடலுக்கும் காயலுக்கும் இடைப்பட்ட மணல்திட்டில், கரையோரச் சாலையைப் பெயர்த்து உட்புறம் ரயில் பாதையை ஒட்டிப் போட்டார்கள். பழைய சாலை இருந்த பக்கம் மணல்மேட்டை மறுபடி எழுப்பினார்கள். செய்ய முடியாத காரியம் ஒன்றும் இல்லை.

பின்னால் போனால் கடல் தெரியாதே என்பீர்கள். ஓட்டுகிறவன் கடலைப் பார்க்கவா வேண்டும், எதிரே வரும் வண்டியைப் பார்க்கட்டும்! எனக்கு இன்றும் மறக்காத கடற்கரை, மேட்டுக்குப் பின்னால் வண்டியை நிறுத்திவிட்டுப் போனதுதான். இரைச்சல் கேட்கிறது, கடலைக் காணோம். மணலுக்கு மேலே தூக்கிக் கட்டிய மரப்பலகைப் பாதையில் ஏறினேன். உச்சியில் காற்று முகத்தில் அறைந்தது. அதற்கப்புறம்தான் அத்தனை வெள்ளையும் ஒரே நேரத்தில் கண்ணில் விழுந்து கூசியது. அங்கங்கே ஒரு நிறுத்துமிடமும் இப்படி ஒரு பலகைப் பாதையும் போதும். மேட்டின் இடைவெளிகளில் கடல் எட்டிப் பார்த்துக்கொண்டே வருவது போனஸ்.

இன்னொன்று, விளக்கு. இரவில் முட்டையிலிருந்து வரும் ஆமைக்குஞ்சு வெளிச்சமான பக்கத்தைக் கடல் என்று நம்பி நகரும். கரையோரச் சாலைவிளக்கு அதைத் தாரின் பக்கம் இழுத்துவிடும். நடுவில் மேடு இருந்தால் வெளிச்சத்தில் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடும். மிச்சத்துக்கு, கீழ்நோக்கி மூடிய மஞ்சள்சிவப்பு விளக்கு போடலாம்.

நெய்தல் பாட்டுகளில் தலைவியைக் காண வரும் தலைவனின் தேர், அடும்பங்கொடியை அறுத்துக்கொண்டுதான் வரும். ஆக, கடலோரம் வண்டி ஓட்டும் ஆசை நமக்குப் பழையது. தேர் போனபின் கொடி தழைத்துக்கொள்ளும், தாருக்குக் கீழே தழைக்காது.

அடுத்த சாலைக்குக் கோடு போடுமுன் நான் சொன்னது போன்ற படிக்கட்டு ஒன்றில் ஒருமுறை இறங்கிப் பாருங்கள். கடைசிப் படிக்குக் கீழே ஒன்றுமில்லை, பார்த்து இறங்குங்கள்.

இப்படிக்கு,
வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு நடக்கத் தயாராக இருக்கும் ஒருவன்