மணிக்கூட்டை மறுபடி தொடவேண்டாம்

மின்சக்தி அமைச்சர் அவர்களுக்கும் அமைச்சின் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். நான் மட்டக்களப்பில் வசிக்கும் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியன். வயது 74. விடியப்புறம் கல்லடிப் பாலத்தில் நடந்துவிட்டுத் தேத்தண்ணிக் கடையில் கூடுகிற ஓய்வூதியக்காரர்கள் நாங்கள் ஏழெட்டுப் பேர். போன கிழமை எங்களில் ஒருவர் கேட்டார்: "மழை பொய்த்து, கரண்டுக்குத் தட்டுப்பாடு வந்தால் திரும்பவும் நேரத்தை மாத்துவாங்களோ?" எல்லாருமே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். அப்படி ஒரு யோசனை இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. 1996இல் எங்களிடம் யாரும் கேட்கவில்லை. அதனால் இந்த முறை முந்திக்கொண்டு எழுதுகிறேன்.

அந்த வருடம் வரட்சியில் நீர்த்தேக்கங்கள் வற்றின. மே 25ஆம் திகதி நாட்டின் மணிக்கூடுகள் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளப்பட்டன. ஒக்டோபர் 26இல் அதில் பாதியைத் திருப்பித் தந்தார்கள். மிச்ச அரை மணித்தியாலம் 2006 சித்திரைப் புத்தாண்டு கழிந்த கையோடு, ஏப்ரல் 15இல்தான் திரும்பி வந்தது. தற்காலிக நெருக்கடிக்குச் செய்த மாற்றம் ஏறக்குறைய பத்து வருடம் நின்றது.

கொழும்பில் இருந்தவர்களுக்கு அது ஒரே நேரம். எங்களுக்கோ இரண்டு. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் அந்த மாற்றத்தை ஏற்கவில்லை. எங்கள் மாவட்டத்தில் வாவிக்குக் கிழக்கே உள்ளது எழுவான்கரை, மேற்கே உள்ளது படுவான்கரை. சூரியன் எழும் கரை, படும் கரை என்று முன்னோர் வைத்த பெயர்கள். சூரியனை வைத்துப் பெயர் கொண்ட அந்த இரண்டு கரைகளுக்கும் நடுவில் அரை மணித்தியாலம் வந்து விழுந்தது. நான் எழுவான்கரையில் குடியிருந்து படுவான்கரையில் படிப்பித்தவன். மண்முனையில் அப்போது பாலம் இல்லை, 2014இல்தான் வந்தது. பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறி வாவியைக் கடக்கவேண்டும். இக்கரையில் புதிய நேரம், அக்கரையில் பழைய நேரம். கிராமமும் கோயிலும் வயலும் பழைய நேரத்தில் நடக்க, அலுவலகக் கடிதங்கள் புதிய நேரத்தில் வந்தன. "எந்த நேரம்?" என்று கேட்காமல் ஒரு கல்யாணத்துக்கோ செத்த வீட்டுக்கோ போகமுடியாது.

என் மாணவி ஒருத்தியை இன்றைக்கும் மறக்கமுடியவில்லை. சாதாரண தரப் பரீட்சைக்கு நகரத்துக்கு வரவேண்டும். புதிய நேரம், புதிய நேரம் என்று வகுப்பில் பலமுறை சொல்லி அனுப்பினேன். ஆனால் தாய் வீட்டு மணிக்கூட்டைப் பார்த்துத்தான் பிள்ளையைக் கூட்டி வந்தார். நான் வாசலிலேயே நின்றேன். வியர்க்க விறுவிறுக்க ஓடி வந்தவளை உள்ளே விட்டார்கள். ஆனால் வினாத்தாளில் அரை மணித்தியாலம் போய்விட்டது. அந்தத் தாய் என்னைப் பார்த்து, "சேர், நாங்க நேரத்துக்குத்தானே வெளிக்கிட்டம்" என்று சொன்னார். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.

இது பழங்கதையாகவும் முடியவில்லை. என் பேத்தி 2001இல் பிறந்தவள். இப்போது அவளுக்குக் கல்யாணம் பேசுகிறோம். பிறந்த நேரத்தை ஆஸ்பத்திரியில் ஒரு துண்டில் எழுதித் தந்தார்கள். புதிய நேரமா பழைய நேரமா என்று அதில் இல்லை. அரை மணித்தியாலத்தில் இலக்கினம் மாறிவிடலாம். சாத்திரி ஒருவர் ஒரு கணக்குச் சொல்கிறார், மற்றவர் வேறு சொல்கிறார். சாதகத்தில் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு இது சின்ன விசயமாகத் தெரியலாம். அந்தப் பத்து வருடத்தில் பிறந்தவர்கள்தான் இப்போது கல்யாண வயதில் நிற்கிறார்கள் என்பதையும், எத்தனை வீடுகளில் இந்தக் கேள்வி கிடக்கிறது என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

சரி, இதனால் மின்சாரமாவது மிஞ்சுமா? கோடையில் மணிக்கூட்டை முன்னே தள்ளி, பிறகு பழையபடி ஆக்கும் கோடை நேரம் என்பது குளிர்நாடுகளின் ஏற்பாடு. இலண்டனில் யூன் மாதத்தில் மணிக்கூட்டை முன்னே தள்ளியும்கூட ஐந்து மணிக்கு முன்பே சூரியன் வந்துவிடும். இருட்ட இரவு ஒன்பது தாண்டும். சனம் தூங்கும்போது வீணாகிற வெளிச்சத்தைப் பின்னேரத்துக்கு மாற்றுகிறார்கள். எங்களுக்கு அப்படி வீணாகிற வெளிச்சம் இல்லை. மட்டக்களப்பில் வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மணித்தியாலமும் வராது. நாட்டின் நேரம் 82 பாகை 30 கலை நெடுங்கோட்டை வைத்தது. எங்கள் ஊர் அதற்குப் பக்கத்திலேயே இருப்பதால் மணிக்கூடும் சூரியனும் சராசரியாக மூன்று நிமிடந்தான் பிசகும். இதைவிடப் பொருத்தமான நேரம் எங்களுக்குக் கிடையாது. பின்னேரம் அணைக்கிற விளக்கை விடிய எழும்பிப் போடுவோம், அவ்வளவுதான்.

ஐரோப்பாவிலும் சனம் களைத்துவிட்டது. 2018இல் அங்கே கருத்துக் கேட்டபோது 46 இலட்சம் பேர் பதில் எழுதினார்கள். 84 வீதமானோர் இந்த மாற்றமே வேண்டாம் என்றார்கள். 2019இல் ஐரோப்பியப் பாராளுமன்றமும் அதற்கு ஆதரவாக வாக்களித்தது, இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. இலண்டனில் இருக்கும் என் மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பான். ஒக்டோபர் கடைசி ஞாயிறு எங்கள் இடைவெளி நாலரையில் இருந்து ஐந்தரை மணித்தியாலமாகிவிடும். அன்றைக்கு நானும் மனைவியும் போனைப் பார்த்தபடியே இருப்போம், பிள்ளைக்கு என்னவோ என்று.

விடியற்கால இருட்டைப் பற்றித்தான் நான் கூடுதலாகச் சொல்லவேண்டும். எங்கள் வயதில் பிரசரும் சீனியும் இல்லாதவர் குறைவு. கிளினிக் நாளில் நம்பர் எடுக்க விடியவே போகவேண்டும். 1996 மே மாதக் கடைசியில் இங்கே சூரியன் உதித்தது ஆறே முக்காலுக்கு. பிறகு அரை மணித்தியாலம் குறைத்தபோதும் தை, மாசியில் ஏழு மணிக்குக் கிட்ட ஆகும். இன்றைக்குப் படுவான்கரைப் பக்கம், வெல்லாவெளிப் பக்கம் யானைத் தொல்லை எப்படி என்று உங்களுக்குத் தெரியும். இரவு வயலுக்குள் இறங்கிய யானை காட்டுக்குத் திரும்புவதும் அந்த நேரத்தில்தான். பள்ளிக்குப் போகும் பிள்ளையையும் கிளினிக்குப் போகும் கிழவனையும் அந்த இருட்டில் தெருவில் இறக்கிவிடாதீர்கள். பகலில் வெளிச்சம் ஒரு நிமிடமும் கூடப்போவதில்லை. அபாயம் மட்டும் கூடும்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோம். நெருக்கடி என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும், விட்டுக்கொடுக்கவும் தெரியும். மின்சாரம் சேமிக்கவேண்டுமானால் அலுவலகம் தொடங்கும் நேரத்தை ஒரு சுற்றறிக்கையில் மாற்றுங்கள். தேவை முடிந்ததும் இன்னொரு சுற்றறிக்கையில் பழையபடி ஆக்கலாம். அது யாருடைய பிறந்த நேரத்தையும் கலைக்காது. காத்தான்குடிப் பள்ளிவாசலின் தொழுகை அட்டவணையையோ மாமாங்கேஸ்வரர் கோயில் பூசை நேரத்தையோ திருப்பி எழுதவும் தேவைப்படாது.

அதையும் மீறி மணிக்கூட்டை மாற்றியே ஆகவேண்டும் என்று என்றாவது முடிவெடுக்க நினைத்தால், அதற்கு முன்னர் மாவட்டம் மாவட்டமாக வந்து எங்களைக் கேளுங்கள். இங்கே கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், ஒரு கூட்டம் வையுங்கள். பழைய நேரம், புதிய நேரம் இரண்டிலும் வாழ்ந்த நாங்கள் எத்தனை மணிக்கென்றாலும் வருவோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியன்,
மட்டக்களப்பு