பறம்பிக்குளம் மர ரயில் வேறு, டாப்சிலிப் வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சுற்றுலாப் பகுதியில் டாப்சிலிப் குறித்து அண்மையில் வெளிவந்த கட்டுரையில், அங்கு வெட்டிய தேக்கு முழுவதும் பறம்பிக்குளம் ரயிலில் ஏற்றிக் கொச்சிக்கு அனுப்பப்பட்டதாக எழுதப்பட்டிருந்தது. இருப்புப்பாதைப் பராமரிப்பில் முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்தவன் என்ற முறையில் இதைத் திருத்துவது என் கடமை எனக் கருதுகிறேன்.

டாப்சிலிப் ஆங்கிலேயர் காலத்தில் சென்னை மாகாணத்துக்கு உரிய ஆனைமலைக் காடு. மலையுச்சியிலிருந்து மரங்களைச் சறுக்கவிட்டு அடிவாரத்தில் சேர்த்ததாலேயே அப்பெயர் வந்தது. இன்று கேரளத்தில் உள்ள பறம்பிக்குளமோ அப்போது கொச்சி சமஸ்தானத்தின் காடு. இன்று நாம் சேத்துமடை, டாப்சிலிப் வழியாக அங்கு போவதால் இரண்டும் ஒன்றெனத் தோன்றுகிறது. ஆனால் அந்தக் காட்டின் மரம் மேற்கே சாலக்குடிக்குத்தான் இறங்கியது. ஷொர்ணூர்–எர்ணாகுளம் ரயில் பாதை 1902இல் திறக்கப்பட்டு, சாலக்குடி அதில் ஒரு நிலையமாக அமைந்ததால், காட்டிலிருந்து அதுவரை மரத்தைக் கொண்டுவந்துவிட்டால் போதும் என்ற நிலை உண்டாயிற்று. அதற்காகச் சமஸ்தான அரசே முதலிட்டு, 1907 முதல் இயக்கிய மீட்டர் கேஜ் டிராம்வே (ஒரு மீட்டர் அகலத் தண்டவாளத்தில் ஓடிய மர ரயில் பாதை) ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளமுடையது. என்ஜின்களை ஜெர்மனியின் ஓரன்ஸ்டைன் கொப்பல் நிறுவனம் செய்தளித்தது.

கட்டுரையாளர் விட்டுவிட்ட மிக அரிய செய்தி, செங்குத்தான சரிவுகளில் அந்த ரயில் இயங்கிய விதம். என்ஜினால் ஏறவும் இறங்கவும் முடியாத இடங்களில், சரிவின் உச்சியில் பெரிய உருளையொன்றை நிறுவி, அதில் சுற்றிய கம்பிவடத்தின் ஒரு முனையில் மரம் ஏற்றிய வேகனையும், மறுமுனையில் கீழே நிற்கும் காலி வேகனையும் பிணைத்தார்கள். பாரம் நிறைந்தது தன் எடையால் கீழே இறங்க, காலி வேகன் தானே மேலேறி வந்தது. வேகத்தை அடக்க உருளையில் பிரேக் இருந்தது. நிலக்கரியோ விறகோ எரிக்காமல், மரத்தின் எடையையே விசையாக்கிய ஏற்பாடு இது. சமவெளிப் பாதையிலேயே வேலை செய்து பழகிய எனக்கு, அந்த வடம் ஒருமுறை அறுந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்ற நினைப்பே நடுக்கம் தருகிறது. அந்த உருளையடியில் நின்று பிரேக்கைப் பிடித்தவர்களின் பெயரை எங்கும் நான் கண்டதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம்.

பறவையியலாளர் சாலிம் அலி 1933இல் திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளின் பறவைகளைக் கணக்கெடுத்தபோது முகாமிட்ட குரியார்குட்டியும் இந்தப் பாதையில் இருந்த இடமே. சாலைகளும் லாரிகளும் பெருகியபின், 1963இல் டிராம்வே மூடப்பட்டது.

எங்கள் கடலூர் முதுநகரிலிருந்து ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் பல குடும்பங்கள் டாப்சிலிப்புக்கும் பறம்பிக்குளத்துக்கும் வேன் பிடித்துப் போகின்றன. திரும்பி வருகிறவர்களிடம் விசாரித்தால், யானையையும் கன்னிமாரா என்னும் பழம்பெரும் தேக்கு மரத்தையும் பார்த்ததைச் சொல்கிறார்களே தவிர, அக்காட்டில் ரயில் ஓடியதை அறிந்தவர் எவரும் இல்லை. ஆகவே, அடுத்த வாரமே ஒரு சிறு திருத்தத்தையும், பின்னர் இந்த டிராம்வேயைப் பற்றித் தனிக் கட்டுரையையும் வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். காட்டில் எஞ்சியுள்ள பாதைத் தடங்களுக்கு அருகே தமிழிலும் விளக்கப் பலகை வைக்குமாறு வனத்துறையினரை வலியுறுத்தும் வரியும் அதில் இடம்பெற வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இருப்புப்பாதைப் பணியாளர்,
கடலூர் முதுநகர்.